வீட்டுக்குச் சாட்சி உண்டு, போனுக்கு இல்லை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டைப் போலீஸ் சோதனை போட வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரண்ட் வாங்கி வரலாம். அவசரம் என்றால் வாரண்ட் இல்லாமலும் வரலாம். அப்படி வந்தாலும், என்ன காரணத்துக்காக வருகிறோம் என்பதை எழுதிவைத்துவிட்டுத்தான் வாசற்படி ஏற வேண்டும். அக்கம்பக்கத்தார் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். எடுத்துப்போகும் பொருளுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தபின் வீடியோவும் எடுத்தாக வேண்டும். அந்தச் சட்டத்தின் 185ஆவது பிரிவுப்படி, எழுதிவைத்த காரணம் 48 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்காரர் மனுப் போட்டால் அதன் நகலை நடுவர் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். இவ்வளவும் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டால், கோர்ட்டுக்குப் போய் வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் நடக்காதபோது சண்டை போட ஒரு சட்டம் இருக்கிறது, சண்டை போட ஒரு வக்கீல் கிடைப்பார், கேட்க ஒரு நீதிபதி இருக்கிறார்.

அதே வீட்டுக்காரரின் போனை ஒட்டுக்கேட்க இதில் எதுவும் தேவையில்லை. மாநிலப் போலீஸ் என்றால் சென்னையில் உள்துறைச் செயலாளர் கையெழுத்து. மத்திய அமைப்பு என்றால் டெல்லியில் உள்துறைச் செயலாளர் கையெழுத்து. மிக அவசரம் என்றால் அதுகூட உடனே வேண்டாம். ஐ.ஜி. நிலையில் உள்ள ஓர் அதிகாரி தொடங்கிவைக்கலாம், ஏழு வேலைநாளுக்குள் மேலிடம் ஒப்புதல் கொடுத்தால் போதும். ஓர் ஆணைக்கு ஆயுள் 60 நாள், நீட்டித்துக்கொண்டே போனால் 180 நாள். ராஜபாளையம் நடுவருக்கும் தெரியாது, ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்திருக்கும் மாவட்ட முதன்மை நீதிபதிக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகாவது, ‘உம்முடைய பேச்சைக் கேட்டோம், தப்பாக ஒன்றுமில்லை’ என்று அந்த மனிதரிடம் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. தேவைப்படாத பதிவுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தரங்கத்தைக் காப்பதற்காக எழுதப்பட்ட விதிதான். அதுவே, ஒட்டுக்கேட்டதற்கான தடயத்தையும் துடைத்துவிடுகிறது.

இது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் மிச்சம், யாரும் கவனிக்காமல் கிடக்கிறது என்று நினைத்தால் தவறு. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு அப்படி நூறாண்டு தாண்டிக் கிடந்தது உண்மை. 1996 டிசம்பரில் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. உள்துறைச் செயலாளரின் எழுத்துப்பூர்வ ஆணை, கால வரம்பு, மறுஆய்வுக் குழு எல்லாம் அந்தத் தீர்ப்பில் பிறந்தவை. ஒட்டுக்கேட்கும் முன் நீதிபதியின் அனுமதி வேண்டும் என்றும் அப்போது கேட்டார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லாத நிலையில் அதை நாங்களாக எழுத முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, சட்டம் எழுதுகிறவர்கள் எழுதட்டும் என்று நாடு காத்திருந்தது.

27 ஆண்டு கழித்து எழுதினார்கள். தொலைத்தொடர்புச் சட்டம், 2023. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டு வெளியே நின்ற அந்த டிசம்பரில், அடுத்தடுத்த நாளில் இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியது. இடையில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தீர்ப்பின் சாயல்கூடப் படாமல் பழைய 5(2) பிரிவு புதிய சட்டத்தில் 20(2) பிரிவாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கான விதிகள் 2024 டிசம்பர் 6 அன்று அரசிதழில் வெளியாயின. ஆணை போடுவது நிர்வாகம், ஆணையைச் சரிபார்ப்பதும் நிர்வாகம். எழுத்து, படம், ஒலி, காணொளி, தரவு என எல்லாவற்றையும் ‘செய்தி’ என்ற ஒரே சொல்லுக்குள் புதிய சட்டம் அடக்கிவிட்டதுதான் வித்தியாசம். இணையத்தில் போகிற வருகிற தகவலைக் கண்காணிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவு தனியாக வேறு இருக்கிறது. 2018 டிசம்பர் 20 அன்று பத்து மத்திய அமைப்புகளுக்கு அந்த அதிகாரம் மொத்தமாக வழங்கப்பட்டது. அங்கும் நீதிபதி இல்லை.

மறுஆய்வுக் குழு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. டெல்லியில் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் மூன்று பேர், இங்கே தலைமைச் செயலாளர் தலைமையில் மூன்று பேர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணைகள் போடுகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிடைத்த பதிலை வைத்து எஸ்.எஃப்.எல்.சி. அமைப்பு 2014இல் எழுதியது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 அறிக்கையும் அந்தக் கணக்கை எடுத்துச் சொன்னது: ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று செயலாளர்கள் முன்பு 15,000 முதல் 18,000 ஆணைகள். டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு விநாடி விழாது. காய்கறி மார்க்கெட்டில் தக்காளி பொறுக்குகிறவர்கூட ஒவ்வொன்றையும் இதைவிடக் கூடுதல் நேரம் புரட்டிப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட குழுவின் பார்வைக்குக்கூடப் போகாமல் ஒட்டுக்கேட்டால் என்ன ஆகும் என்பதை நம் உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று சொன்னது. சென்னைக் கல்வி நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநருடைய போனை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்ட் 12 அன்று மத்திய உள்துறை ஆணை போட்டிருந்தது. வருமான வரி அதிகாரிக்கு 50 லட்ச ரூபாய் லஞ்சம் என்பது வழக்கு. நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஆணையை ரத்து செய்தார். பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களுக்காக மட்டுமே ஒட்டுக்கேட்கலாம். சாதாரணக் குற்றத்தைத் துப்புத் துலக்க அந்த அதிகாரத்தை இழுக்க முடியாது. பதிவுகளை மறுஆய்வுக் குழுவின் முன்பு வைக்கவும் இல்லை, ஆகவே அவை சாட்சியமாகவும் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். லஞ்சம் பெரிய குற்றமில்லையா என்று படிக்கிறவர் கேட்கலாம். டெல்லி உயர் நீதிமன்றம் ஏறக்குறைய அதே வாரத்தில் வேறொரு ஊழல் வழக்கில் அப்படித்தான் நினைத்தது. பெரும் ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று சொல்லி ஒட்டுக்கேட்பைச் சரியென்றது. அரசுக்கு எந்தத் தீர்ப்பு இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நமக்கு உறுத்துவது வேறு. ஒட்டுக்கேட்டது 2011, ரத்தானது 2025. அந்த மனிதருக்கும் விஷயம் தெரியவந்தது, பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொண்டுவந்ததால்தான். வழக்கே ஆகாதவர்களின் பேச்சு? கேட்டார்கள், பயனில்லை, அழித்தார்கள். அவர்களுக்கு 14 ஆண்டு கழித்தும் தீர்ப்பு வராது. வழக்குப் போட, தனக்கு இழைக்கப்பட்டது என்ன என்று முதலில் தெரிய வேண்டுமே.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இந்தப் பொதுப் பாதுகாப்பு விவகாரம் புதிதல்ல. ஊர் மறந்திருக்கலாம். சட்டப் புத்தகம் மறக்கவில்லை. 1949 ஏப்ரலிலிருந்து 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர் ராஜபாளையத்தின் பூ.ச.குமாரசாமி ராஜா. காந்தியர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்குக் கொடுத்தவர். அவர் மீது காசு விஷயத்தில் யாரும் விரல் நீட்டியதில்லை. குடியரசு பிறந்து ஐந்து வாரம்கூட ஆகாத 1950 மார்ச் 1 அன்று அவருடைய அரசு இரண்டு ஆணைகள் போட்டது. ஒன்று, பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்பது. காரணம், பொதுப் பாதுகாப்பும் பொது ஒழுங்கும். இன்னொன்று, ஏற்கெனவே சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனைப் புதிய தடுப்புக் காவல் சட்டத்தில் தொடர்ந்து அடைத்து வைப்பது.

இரண்டும் உச்ச நீதிமன்றம் போயின. ஒரு வார இடைவெளியில் இரண்டு தீர்ப்பும் வந்தன. மே 26 அன்று தாப்பர் வழக்கில், தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு சென்னை அரசின் சட்டப் பிரிவைச் செல்லாது என்றது. அரசின் அடித்தளத்தையே ஆட்டுகிற ஆபத்துக்கும், அங்கங்கே நடக்கும் அமைதிக் குலைவுக்கும் வேறுபாடு பார்க்காமல் பொதுப் பாதுகாப்பு என்று ஒரே கூடையில் போட்டால் பேச்சுரிமை மிஞ்சாது என்று அன்றே சொல்லியாகிவிட்டது. மறு ஆண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து அந்த வேறுபாட்டைப் பாதி அழித்தது என்பது சோகக் கதை.

மே 19 தீர்ப்பில் கோபாலன் தோற்றார். தடுப்புக் காவல் செல்லும் என்றார்கள். குடிமக்களின் சுதந்திரத்தை அந்தத் தீர்ப்பு எவ்வளவு சுருக்கியது என்பதைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே தீர்ப்பு, அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவை மட்டும் அடித்து நொறுக்கியது. ஒருவரை என்ன காரணத்துக்காக அடைத்து வைத்திருக்கிறோம் என்பதை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக்கூடாது என்று எழுதியிருந்த பிரிவு அது. தனிமனித சுதந்திரத்துக்கு மிகக் கஞ்சத்தனமாக இடம் கொடுத்த தீர்ப்பாலேயே அதைப் பொறுக்க முடியவில்லை. ஆளை உள்ளே வைக்கலாம், ஆனால் காரணத்தை நீதிபதியிடமிருந்து மறைக்க முடியாது. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்த, கம்யூனிஸ்ட் கட்சி மாகாணத்தில் தடை செய்யப்பட்டிருந்த 1950இல் இந்த நாடு வகுத்துக்கொண்ட அடிமட்டக் கோடு அது. இன்றைய ஒட்டுக்கேட்பு விதிகள் அந்தக் கோட்டுக்கும் கீழே நிற்கின்றன.

குமாரசாமி ராஜாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. யோக்கியமான மனிதர் மேலே இருந்தால் அதிகாரம் தவறாகப் போகாது என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் நிறைய. யோக்கியமான மனிதரின் அரசுதான் ஒரு வார இதழுக்கு மாகாணத்தின் கதவை மூடியது. அப்படியானால் யோக்கியம் குறைந்தவர்கள் கையில்? தெலங்கானாவில் பார்த்தோம். 2023 தேர்தலில் ஆட்சி மாறியதும் உளவுப் பிரிவு அலுவலகத்தின் ஹார்ட் டிஸ்குகள் அழிக்கப்பட்டன என்று அந்த மாநிலப் போலீஸே தன் அதிகாரிகள் மீது வழக்குப் போட்டு, 2024 மார்ச்சில் கைது செய்தது. மாவோயிஸ்டுகளைத் தேடுவதாகச் சொல்லி எதிர்க்கட்சிக்காரர்கள், பத்திரிகையாளர்கள், தொழிலதிபர்கள் என்று பலரின் போனைக் கேட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு முடியவில்லை, யார் குற்றவாளி என்று நாம் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் செயலாளர் கையெழுத்து, மறுஆய்வுக் குழு, ஆறு மாத அழிப்பு விதி எல்லாம் அங்கேயும் இருந்தன. ஆட்சி மாறியிராவிட்டால் இவ்வளவும் வெளியே வந்திருக்குமா?

பெகாசஸ் உளவு மென்பொருளின் இலக்குப் பட்டியலில் திருமுருகன் காந்தி, சீமான் ஆகியோரின் எண்களும் இருந்தன என்று 2021இல் ‘தி வயர்’ வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பார்த்து, ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் தலைமை நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். பெகாசஸை வாங்கினோம் என்றும் அரசு சொல்லவில்லை, வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை. அதோடு நின்றது.

அரசியல்வாதிகள் பாடு அது, நமக்கென்ன என்று கடையைத் திறக்கப் போகும் வியாபாரிக்கு ஒரு செய்தி. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தின் 247ஆவது பிரிவு, சோதனைக்கு வரும் அதிகாரிக்குக் கணினியின் கடவுச்சொல்லை மீறி உள்ளே நுழைய அதிகாரம் தருகிறது. ‘மெய்நிகர் எண்ம வெளி’ என்று அதற்கொரு பெயர். மின்னஞ்சல், சமூக வலைதளக் கணக்கு, ஆன்லைன் வங்கிக் கணக்கு, மேகக் கணிமைச் சேமிப்பு எல்லாம் அதில் அடக்கம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிறவருக்கு ஆர்டர் வருவது வாட்ஸப்பில், விலை பேசுவது வாட்ஸப்பில், பில் போவது வாட்ஸப்பில். மகளின் ஜாதகமும், அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட்டும், தம்பியோடு போட்ட சொத்துச் சண்டையும் அதே போனில்தான் இருக்கின்றன. பழைய காலத்தில் கணக்குப் புத்தகத்தை எடுத்துப்போனால் கணக்குதான் போகும். வரி ஏய்ப்பவரைப் பிடிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்த அறையைத் திறக்கலாம் என்று யார் முடிவு செய்வது? இங்கும் நீதிபதி இல்லை. துறை அதிகாரியே சோதனைக்கு ஆணையிட்டு, துறை அதிகாரியே உள்ளே போகிறார்.

2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதுப் போனிலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை முன்கூட்டியே ஏற்றிவைக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. திருட்டுப் போனைக் கண்டுபிடிக்கத்தான் என்றார்கள். நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்த எதிர்ப்பில் டிசம்பர் 3 அன்று பின்வாங்கினார்கள். கத்தினால் காது கேட்கிறது என்பதற்கு அண்மைக் காலச் சான்று அது. கத்துவதற்கு அந்த உத்தரவு வெளியே தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

மாவட்ட அளவில் நடப்பதற்குச் செயலாளர் கையெழுத்தும் வேண்டாம். யார் யாரோடு எப்போது பேசினார், எந்த டவரில் இருந்தார் என்ற பட்டியல் எஸ்.பி. நிலை அதிகாரியின் கடிதத்திலேயே வந்துவிடும். போன் நிறுவனங்கள் இந்தப் பட்டியலை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையை மாற்றினார்கள். ‘டவர் டம்ப்’ என்று போலீஸ் சொல்வது இதைவிடப் பெரியது: குறிப்பிட்ட நேரத்தில் ஒரு டவருக்குக் கீழே இருந்த எல்லா எண்களும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ரத வீதியில் ஒரு செயின் பறிபோய், அதற்காக டவர் டம்ப் எடுத்தால், வடம் பிடிக்க வந்த கூட்டம் மொத்தமும் அந்தப் பட்டியலில் இருக்கும். திருடன் பிடிபட்டபின் மற்றவர்களின் பட்டியல் எந்தக் கணினியில் தூங்குகிறது? 2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முகமறிதல் மென்பொருள் தளத்துக்குள்ளேயே யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்பது நினைவிருக்கிறதா? திரட்டி வைக்கிறவரை மட்டும் நம்பினால் போதாது, அவருடைய பூட்டையும் நம்ப வேண்டியிருக்கிறது.

மறுபக்கத்தை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. இந்த வட்டாரத்தில் 1990களின் சாதிக் கலவரங்களைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று ஒரு சுவரொட்டி செய்த வேலையை இன்று ஓர் இன்ஸ்டாகிராம் ரீல் பத்து நிமிடத்தில் செய்துவிடும். மாவட்டந்தோறும் சமூக ஊடகங்களைப் பார்ப்பதற்கென்று போலீஸ் குழு வைத்திருப்பதில் தவறு காண முடியாது. ஊரறியப் போட்ட பதிவை ஊர் பார்ப்பதுபோல் போலீஸும் பார்க்கட்டும். அதிலேயும் 2017இல் கார்ட்டூனிஸ்ட் பாலாவை ஒரு கேலிச்சித்திரத்துக்காகக் கைது செய்த மாதிரி போகாமல் இருக்க வேண்டும். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை வெட்டினார்கள். சேத்தூரைத் தாண்டினால் அன்று திருநெல்வேலி மாவட்டம். சிவகிரியிலும் சங்கரன்கோவிலிலும் சில நாட்கள் நெட் இல்லை, ராஜபாளையத்தில் இருந்தது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தவர்கள் நாம். அப்படி வெட்டும் ஆணைகளைக்கூட இனி வெளியிட்டாக வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒட்டுக்கேட்பில் தனி ஆணையை வெளியிட முடியாது, புரிகிறது. எத்தனை ஆணை என்ற எண்ணிக்கையுமா ராணுவ ரகசியம்?

கண்காணித்தால்தான் குற்றம் பிடிபடும் என்ற வாதத்துக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 2018இல் தமிழ்நாட்டையே உலுக்கிய அருப்புக்கோட்டைக் கல்லூரி வழக்கு, மாணவிகளைத் தவறான வழிக்கு இழுக்கப் பேராசிரியை பேசிய போன் பேச்சின் பதிவிலிருந்து எழுந்தது. எந்த உளவு அமைப்பும் அதை ஒட்டுக்கேட்டுப் பிடிக்கவில்லை. மாணவிகள் துணிந்து புகார் சொன்னார்கள். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது, புகாரைக் கேட்கிற காதும் பெயரை வெளியே விடாத காவல் நிலையமும்.

சைபர் மோசடி? 2024இல் மட்டும் நாட்டில் 22,845 கோடி ரூபாய் பறிபோனதாக உள்துறை அமைச்சகமே மக்களவையில் சொன்னது. முந்தைய ஆண்டைப் போல மூன்று மடங்கு. ஓய்வுபெற்ற ஆசிரியரின் சேமிப்பு ஒரே மதியத்தில் போகிறது என்றால் அரசு கைகட்டி நிற்க முடியாது. ஆனால் அந்தப் பணம் போகும் பாதையைப் பாருங்கள். வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்கு, மொத்தமாக விற்ற சிம் கார்டு, மியான்மரிலும் கம்போடியாவிலும் வேலை என்று ஏமாற்றிக் கூட்டிப்போய் உட்காரவைத்த நம் ஊர்ப் பிள்ளைகள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்த அழைப்பை உடனே எடுத்துக் கணக்கை முடக்கினால் பணம் நிற்கும். வாடகைக் கணக்கு திறந்துகொடுத்த வங்கிக் கிளையைக் கேள்வி கேட்டால் அடுத்த மோசடி நிற்கும். இதற்கெல்லாம் ஊர் மக்களின் பேச்சைக் கேட்கத் தேவையே இல்லை.

இன்னும் ஒன்று உண்டு, அதிகம் பேசப்படாதது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடிக்காரன் முதலில் என்ன சொல்கிறான்? உங்கள் போன் எங்கள் கண்காணிப்பில் இருக்கிறது, நீங்கள் பேசியதெல்லாம் எங்களிடம் பதிவாகியிருக்கிறது, வெளியே யாரிடமாவது சொன்னால் தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாயும் என்கிறான். படித்தவர்கள்கூட ஏன் நம்புகிறார்கள்? அரசு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது, கேட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாத அதிகாரத்தின் பெயரைச் சொன்னால் எவரும் நடுங்குவார். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றே கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் பேச வேண்டியிருந்தது. நீதிபதி ஆணை இல்லாமல் யாரும் உன் பேச்சைக் கேட்க முடியாது என்று சட்டம் இருந்து, அதைப் பள்ளிப் பிள்ளைகூட அறிந்திருந்தால், அந்த மோசடிக்காரனின் முதல் வாக்கியமே செல்லாது.

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் போனைக் கேட்க நீதிபதியிடம் போக வேண்டும். கேட்டு முடிந்தபின், பொதுவாக 90 நாளுக்குள், கேட்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டுதோறும் எண்ணிக்கை வெளியாகிறது. பிரிட்டனில் 2016 சட்டத்துக்குப் பிறகு அமைச்சர் கையெழுத்துப் போட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவர் ஒப்ப வேண்டும். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. உளவு அமைப்புகள் இந்த வேலிகளைச் சுற்றிக்கொண்டு போனதைத்தான் ஸ்னோடன் 2013இல் அம்பலப்படுத்தினார். சுற்றிப் போனார்கள் என்று சொல்வதற்காவது அங்கே ஒரு வேலி இருந்தது. அந்த நாடுகளுக்கும் பயங்கரவாதம் தெரியும். இரட்டைக் கோபுரத்துக்குப் பிறகும் அமெரிக்கா அந்தச் சட்டத்திலிருந்து நீதிபதியை வெளியே அனுப்பிவிடவில்லை, லண்டன் ரயில் குண்டுக்குப் பிறகு பிரிட்டன் நீதிபதியை உள்ளே கொண்டுவந்தது.

டெல்லி திருந்தும்வரை சென்னை காத்திருக்க வேண்டியதில்லை. தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம்தான் வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுக்குமான தென்காசி எம்.பி. அதற்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவரலாம், தோற்றாலும் பதிவாகும். ஆனால் மாநில உள்துறைச் செயலாளர் போடும் ஆணைகளும், தலைமைச் செயலாளர் தலைமையிலான மறுஆய்வுக் குழுவும் முழுக்கத் தமிழ்நாடு அரசின் கையில் இருப்பவை. மாநில உரிமை பேசாத கட்சி இங்கே இல்லை. டெல்லியின் உளவைக் கண்டிக்காத மேடை இல்லை. ராஜபாளையம் ஜவகர் மைதானத்தில் அந்தப் பேச்சுகளுக்கு விழுந்த கைதட்டல் கொஞ்சமல்ல. ஆட்சிக்கு வருகிற எந்தக் கட்சியும் தன் கையிலிருக்கும் ஒட்டுக்கேட்புக் கணக்கை மட்டும் இதுவரை திறந்து காட்டியதில்லை.

ஒவ்வோராண்டும் சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள். எத்தனை கொலை, எத்தனை கொள்ளை, மீட்ட நகை எவ்வளவு என்றெல்லாம் அதில் அட்டவணை போட்டிருக்கும். அடுத்த குறிப்பில் மேலும் நான்கு வரி வேண்டும்: கடந்த ஆண்டில் மாநில உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு ஆணைகள் எத்தனை, மறுஆய்வுக் குழு கூடியது எத்தனை முறை, குழு ரத்து செய்த ஆணைகள் எத்தனை, மாவட்டவாரியாக எடுத்த டவர் டம்ப் எத்தனை. பெயர் வேண்டாம், போன் எண் வேண்டாம், எந்த வழக்கின் துப்பும் இதில் கசியாது. நம் இரண்டு தொகுதி எம்.எல்.ஏ.க்களும் கேள்வி நேரத்தில் இதைக் கேட்கட்டும். விருதுநகர் மாவட்டத்துக்கு நேராக என்ன எண் வருகிறது என்று பார்ப்போம்.